ஸ்டியரிங் யார் கையில்? ஓடுபாதையில் விமானம் ஒரு பக்கமாக இழுக்கும்போது

1989 செப்டம்பர் 20, இரவு சுமார் 11.20 மணி. நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் 31ஆம் எண் ஓடுபாதை ஈரமாகக் கிடக்கிறது. யுஎஸ்ஏர் நிறுவனத்தின் 5050 எண் விமானம், போயிங் 737-400, சார்லட் நகரத்துக்குக் கிளம்புகிறது. உள்ளே 57 பயணிகள், 6 ஊழியர்கள். ஓட்டுவது துணை விமானி. மேற்பார்வைக்குப் பயிற்சியாளர் யாரும் இல்லாமல் 737 ரக விமானத்தை அவர் கிளப்புவது அன்றுதான் முதல் முறை. இடப்பக்க இருக்கையில் கேப்டன்.

ஓடத் தொடங்கியதுமே விமானம் இடதுபக்கம் இழுக்கிறது. கேப்டன் தன் இடது கைப்பக்கம் உள்ள சிறிய ஸ்டியரிங்கைப் பிடித்து வலதுபக்கம் திருப்புகிறார். வேகம் 60 நாட் என்ற அளவை (மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர்) தாண்டும் சமயத்தில் 'டம்' என்று ஒரு சத்தம். அப்புறம் கடகடவென்று விடாத அதிர்வு. கேப்டன் ஏதோ சொல்கிறார். காக்பிட் ஒலிப்பதிவில் விழுந்தது ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள். ஸ்டியரிங் கையில் இருக்கிறது என்று பொருள். யார் கையில் என்பது மட்டும் அதில் இல்லை. 'உன் கையில்' என்ற பொருளில்தான் சொன்னேன் என்று கேப்டன் பிறகு விசாரணையில் சொன்னார். 'என் கையில்' என்று கேப்டன் சொன்னதாகத் துணை விமானி எடுத்துக்கொண்டார். அப்படியானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டு, வலது பெடலை அழுத்திக்கொண்டிருந்த காலைத் தளர்த்தத் தொடங்கினார்.

அந்த நொடியிலிருந்து, 63 பேரோடு வேகம் பிடித்துக்கொண்டிருந்த விமானத்தை நேராக வைத்திருக்கும் பொறுப்பு முழுதாக யாரிடமும் இல்லை.

விமானம் இன்னும் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. கேப்டன் டேக்-ஆஃபைக் கைவிட்டு, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பின்னால் இழுத்தபோது வேகம் சுமார் 130 நாட், அதாவது மணிக்கு 240 கிலோமீட்டர். அந்த ஓடுபாதையின் நீளம் 7,000 அடிதான். ஓடுபாதை முடியும் இடத்தை 34 நாட் வேகத்தில் கடந்து, தண்ணீருக்கு மேல் விளக்குகளுக்காகக் கட்டியிருந்த மரப்பாலத்தில் மோதி, பவரி விரிகுடாவில் விழுந்து உடைந்தது. 2 பயணிகள் இறந்தார்கள். 61 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

இந்த விபத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காமல் போவது கடைசி நொடிகளைப் பார்த்து அல்ல, முதல் நொடிகளைப் பார்த்துத்தான். விமானம் இழுக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தபோது அது லாரி ஓடும் வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதே நிறுத்தியிருந்தால் பயணிகளுக்கு ஒரு மணி நேரத் தாமதம், அவ்வளவுதான். அப்படியானால் ஏன் நிறுத்தவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய, விமானம் ஓடுபாதையில் எப்படி நேராக ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

காரில் ஒரே ஸ்டியரிங். 20 கிலோமீட்டர் வேகத்திலும் அதுதான், 120இலும் அதுதான். விமானத்தில் அப்படி இல்லை. வேகம் ஏற ஏற ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு வேலை கைமாறுகிறது. நிலையத்துக்குள் மெதுவாக ஊர்ந்து திரும்பும்போது, கேப்டனின் இடது முட்டி அருகே இருக்கும் டில்லர் என்ற சின்னக் கைப்பிடிதான் மூக்குச் சக்கரத்தைத் திருப்புகிறது. 737இல் அதைக்கொண்டு சக்கரத்தை 78 டிகிரி வரை திருப்பலாம். டேக்-ஆஃப் ஓட்டம் தொடங்கியதும் கை அதை விட்டுவிட வேண்டும். கால் பெடல்கள்தான் இனி வழிகாட்டி. பெடலை அழுத்தினால் மூக்குச் சக்கரம் 7 டிகிரிவரை மட்டும் அசையும், கூடவே வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கான் என்ற அசையும் பலகையும் திரும்பும். தொடக்கத்தில் சுக்கானால் ஒரு பயனும் இல்லை, அதன்மேல் காற்றே படவில்லை. வேகம் 50, 60 நாட் என்று ஏறும்போது காற்று அதற்கு உயிர் கொடுக்கிறது. 100 நாட்டில் சுக்கான்தான் ராஜா. சக்கரம் வெறுமே கூட ஓடுகிறது.

இதில் இரண்டு ஆபத்துகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் ஆபத்து, குறைந்த வேகத்தில் எஞ்சின்கள் ஒன்றுபோல் உயிர்பெறாமல் போவது. ஓய்வு நிலையில் இருக்கும் இரண்டு எஞ்சின்களையும் ஒரேயடியாக முழு விசைக்குத் தள்ளினால், ஒன்று முந்திக்கொள்ளும், இன்னொன்று பின்தங்கும். விமானம் உடனே பின்தங்கிய எஞ்சின் பக்கம் திரும்பும். அதனால்தான் விமானிகள் முதலில் பாதிக்கும் குறைவான ஒரு நிலைக்குத் தள்ளி, இரண்டும் சமமாக வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு மீதியைத் தள்ளுகிறார்கள். பயணியாக உட்கார்ந்திருக்கும்போது கவனித்துக் கேளுங்கள்: எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறி, ஒரு நொடி நின்று, அப்புறம்தான் முழுசாக எழும்பும்.

ஒரு எஞ்சின் முற்றிலும் நின்றே போனால்? ஓடும் எஞ்சின் விமானத்தை நின்ற எஞ்சின் பக்கம் தள்ளும். அதை எதிர்க்கச் சுக்கானுக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். ஒவ்வொரு ரகத்துக்கும் அந்த வேகத்தைச் சோதனை ஓட்டத்தில் கண்டுபிடிக்கிறார்கள். சுக்கானை மட்டும் வைத்து, ஓடும் கோட்டிலிருந்து 30 அடிக்கு மேல் விலகாமல் விமானத்தைப் பிடிக்க முடிய வேண்டும் என்பது விதி. மூக்குச் சக்கரத்தின் உதவியை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஈர ஓடுபாதையில் அந்த உதவியை நம்ப முடியாது. அந்தக் குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே எஞ்சின் நின்றால் ஒரே வழிதான்: ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் உடனே அடக்குவது. யோசிக்க அங்கே நேரமில்லை.

இரண்டாவது ஆபத்து கையின் பழக்கம். விமானம் இழுக்கும்போது கை தானாக டில்லருக்குப் போகிறது. ஐந்து நிமிடம் முன்புவரை அதை வைத்துத்தானே விமானத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம்! ஆனால் வேகத்தில் மூக்குச் சக்கரத்தை அதிகமாகத் திருப்பினால் அது உருளாது, தேய்த்துக்கொண்டு சறுக்கும். லாகார்டியாவில் கேட்ட அந்த 'டம்' சத்தம் அப்படி வந்ததுதான். விமானம் இடதுபக்கம் ஓட, சக்கரம் வலதுபக்கம் திரும்பி நிற்க, தேய்த்துத் தேய்த்து முன் டயர்களில் ஒன்று ரிம்மிலிருந்து கழன்றது.

சரி, டேக்-ஆஃபைக் கைவிடுவது எப்படி முடிவாகிறது? வி-ஒன் என்ற வேகத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். எடை, ஓடுபாதை நீளம், ஈரம், காற்று எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் அந்த வேகத்தைக் குறிக்கிறார்கள். அன்று லாகார்டியாவில் அது 125 நாட். வி-ஒன்னில்தான் முடிவெடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வி-ஒன் வரும்போது நிறுத்துவதற்கான முதல் செயல் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் தொடங்கினால் மீதியுள்ள ஓடுபாதை போதும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் வி-ஒன் வரை கேப்டனின் கை த்ராட்டில் மேலேயே இருக்கிறது. 'வி-ஒன்' என்ற குரல் வந்ததும் கை அதிலிருந்து விலகுகிறது. இனி நிறுத்தும் ஆசைகூட வரக்கூடாது என்பதற்காகவே கையை எடுக்கிறார்கள்.

வி-ஒன்னுக்கு முன்னால் இன்னொரு கோடு இருக்கிறது. போயிங் விமானங்களில் அது 80 நாட், ஏர்பஸ்ஸில் 100 நாட். அதற்குக் கீழே சின்னக் காரணம் போதும். வித்தியாசமான சத்தம், அதிர்வு, ஒரு எச்சரிக்கை விளக்கு, எதற்கும் நிறுத்தலாம். அதற்கு மேலே தீ, எஞ்சின் செயலிழப்பு, காற்றின் வேகமோ திசையோ சட்டென்று மாறும் 'காற்று வெட்டு' பற்றிய எச்சரிக்கை, 'இந்த விமானம் பறக்காது' என்ற நிலை, இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய காரணங்களுக்கு மட்டும்தான் நிறுத்த வேண்டும். காரணம் எளிய இயற்பியல்: வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 120 நாட்டில் நிறுத்துவது 60 நாட்டில் நிறுத்துவதைப் போல நான்கு மடங்கு வேலை. அதிவேகத்தில் நிறுத்திய விமானத்தின் பிரேக் அப்படிக் கொதிக்கும். டயர் வெடித்துவிடாமல் இருக்க, சூடு ஏறினால் உருகிக் காற்றை இறக்கிவிடும் ஃபியூஸ் பிளக் என்ற அடைப்பைச் சக்கரத்திலேயே வைத்திருக்கிறார்கள். நிறுத்திய விமானத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டிகள் வந்து நிற்பதைப் பார்த்துப் பயணிகள் பதறுவார்கள். பெரும்பாலும் அவை காத்திருப்பது அந்தச் சக்கரங்களின் சூட்டுக்காகத்தான்.

இந்த ஏற்பாடெல்லாம் தீ, எஞ்சின் செயலிழப்பு போன்ற விஷயங்களுக்கு அழகாகப் பொருந்துகிறது. மணி அடிக்கும், விளக்கு எரியும், முடிவு எடுப்பார்கள். திசைக் கோளாறு அப்படி வருவதில்லை. எந்த மணியும் அடிக்காது. 'கொஞ்சம் இழுக்குதே' என்ற உணர்வாகத்தான் வரும். விமானியின் கால் தன்னிச்சையாக எதிர்ப்பக்கம் அழுத்தும். அது கொஞ்சம் சரியாகிற மாதிரியும் இருக்கும். அங்கேதான் நேரம் போகிறது. சரிசெய்துகொண்டிருக்கும் மனிதருக்கு, தான் ஒரு கோளாறோடு போராடிக்கொண்டிருக்கிறோம் என்பது சீக்கிரம் உறைப்பதில்லை. புறப்படும் விமானம் நொடிக்கு 3, 4 நாட் வேகம் கூட்டுகிறது. சமாளித்துவிடலாம் என்று நினைத்த ஐந்து நொடியில் நிறுத்துவது எளிதாக இருந்த கட்டம் கடந்து போகிறது.

இன்னொன்றும் உண்டு. நிறுத்தும் செயலே திசையைக் கெடுக்கும். எஞ்சினை எதிர்விசைக்குத் திருப்பினால் சுக்கானுக்கு வரும் காற்று கலைந்துபோகும். விமானத்தை நேராக்க ஒரு பக்க பிரேக்கை மட்டும் அழுத்தினால், மறுபக்கப் பிரேக்கின் பலன் கிடைக்காது. லாகார்டியாவில் கேப்டன் செய்தது அதைத்தான். விமானத்தை நடுக்கோட்டுக்குத் திருப்புவதும் நிறுத்துவதும் ஒரே பிரேக்கின் தலையில் விழுந்தன. ஓடுபாதை முடிவில் மீதமிருந்த 34 நாட்டில் அதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

விமானம் ஏன் இழுத்தது? இரண்டு விமானிகளுக்கும் நடுவே உள்ள மேடையின் பின்கோடியில் சுக்கான் டிரிம் திருகு இருக்கிறது. நீண்ட தூரம் பறக்கும்போது காலை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக, சுக்கானின் நடுநிலையைச் சற்று நகர்த்திவைக்கும் வசதி அது. டேக்-ஆஃபுக்கு முன் அது பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அன்று அது இடதுபக்கக் கடைசி எல்லையில் இருந்தது. அப்போது அந்தத் திருகு தட்டையாக, கத்தி அலகு போல நிமிர்ந்து நிற்கும் வடிவில் இருந்தது. புறப்படக் காத்திருந்த நேரத்தில் காக்பிட்டுக்கு ஆட்கள் வந்துபோனார்கள், பின்னால் உள்ள கூடுதல் இருக்கையில் உட்காருபவரின் காலுக்கு எட்டும் இடம் அது. எது பட்டு நகர்ந்தது என்று விசாரணையில் கடைசிவரை உறுதியாகவில்லை. பின்னர் போயிங் அந்தத் திருகின் வடிவத்தையே மாற்றியது.

ஆனால் திருகு மட்டும் காரணமல்ல. டிரிம் முழுதாக இடதுபக்கம் போனால் சுக்கான் பெடல்களும் கூடவே நகரும். இடது பெடல் ஒன்று முன்னால், வலது பெடல் ஒன்று பின்னால், நடுவில் சுமார் 4 அங்குல வித்தியாசம். செருப்பு போட்ட காலுக்கே தெரியக்கூடிய வித்தியாசம் அது. மூக்குச் சக்கரமும் சற்று இடதுபக்கம் திரும்பியே இருந்திருக்கும். சரிபார்ப்புப் பட்டியலில் டிரிம் என்ற வரியும் இருந்தது, அதற்குப் பதிலும் சொல்லப்பட்டது. கண் பார்க்காமல் வாய் பதில் சொன்னது. இன்னும் ஒன்று: துணை விமானி எஞ்சினுக்குத் தானாக விசை கொடுக்கும் பொத்தானை அழுத்தப் போய், அந்தத் தானியங்கியைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்திவிட்டார். பிறகு கையாலேயே தள்ளினார், விசை குறைவாகவே நின்றது. வேகம் ஏற அதிகத் தூரம் பிடித்தது. 80 நாட்டிலும் வி-ஒன்னிலும் உரக்கச் சொல்ல வேண்டிய வேகங்களை யாரும் சொல்லவில்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கேப்டனைத்தான் முதன்மையாகப் பொறுப்பாக்கியது. சரியான நேரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டுப்பாட்டை முழுதாகத் தன் கையில் எடுத்துப் பறந்திருக்க வேண்டும் என்றது. இந்த இரண்டாவது பாதி முக்கியமானது. வலது பெடலை உறுதியாக அழுத்தியிருந்தால் அந்த விமானம் நல்லபடியாகவே பறந்திருக்கும். நிறுத்துவதும் சரி, பறப்பதும் சரி. இரண்டுக்கும் நடுவில் நின்றதுதான் தவறாகப் போனது.

இதே கதை 19 வருஷம் கழித்து டென்வரில் வேறு உருவில் வந்தது. 2008 டிசம்பர் 20 மாலை, கான்டினென்டல் ஏர்லைன்ஸின் 1404 எண் விமானம், போயிங் 737-500, ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. 110 பயணிகள், 5 ஊழியர்கள். இங்கே டிரிம் சரியாக இருந்தது, எந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. காற்றுதான். ராக்கி மலைகளைத் தாண்டி அலையாக இறங்கிவரும் மேற்குக் காற்று, ஓடுபாதைக்கு ஏறக்குறைய செங்குத்தாக இடதுபக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து நிற்கும் வால், கோயில் கோபுரத்துக் கொடி காற்றோடு திரும்புவது மாதிரி, மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பப் பார்க்கும். வலது பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். கேப்டன் பிடித்தார்.

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொன்ன காற்று 27 நாட். அந்த நிறுவனத்தின் பக்கக்காற்று வரம்பு 33 நாட், ஆகவே கிளம்பலாம். ஓடும்போது அடித்த ஒரு வீச்சு 45 நாட். ஓடுபாதைப் பக்கத்தில் இருந்த வேறு கருவிகள் கூடுதல் காற்றைக் காட்டிக்கொண்டுதான் இருந்தன. அந்தத் தகவல் விமானிகளுக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சேர்க்கும் ஏற்பாடே அன்று இல்லை. வீச்சு அடித்ததும் விமானம் சட்டென்று இடதுபக்கம் வெட்டியது. ஓடுபாதையைவிட்டு வெளியேறுவதற்குச் சுமார் 4 நொடி முன்னால் கேப்டனின் கால் வலது பெடலிலிருந்து தளர்ந்தது. கை டில்லருக்குப் போனது. டேக்-ஆஃபைக் கைவிடுவது என்ற முடிவு வந்தபோது நிறுத்துவதற்கு ஓடுபாதையே அவர் முன்னால் இல்லை. விமானம் புல்வெளியில் குதித்து ஓடி, வலதுபக்கம் தீப்பிடித்து நின்றது. கேப்டனும் 5 பயணிகளும் படுகாயமடைந்தார்கள். 115 பேரில் ஒருவரும் சாகவில்லை.

ஏன் காலைத் தளர்த்தினார்? அழுத்திய பிறகும் விமானம் எதிர்ப்பக்கமே திரும்பினால், 'பெடல் வேலை செய்யவில்லை' என்று மனசு நம்பிவிடுகிறது. வேலை செய்யாத ஒன்றை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பிடிப்பது மனித இயல்பு. பெடல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது, காற்று அதைவிடப் பலமாக இருந்தது, அவ்வளவுதான். அழுத்திப் பிடித்திருந்தால் விமானம் ஓடுபாதையிலேயே இருந்திருக்கும் என்று விசாரணை சொன்னது. கூடவே இன்னொன்றையும் சொன்னது, அதைச் சொன்னதற்காக அந்த அறிக்கையை மதிக்கிறேன். பயிற்சி சிமுலேட்டர்களில் இப்படித் திடீர் வீச்சாக அடிக்கும் பக்கக்காற்றைச் சரியாக உருவாக்கவே இல்லை. ஒரே சீராக வீசும் காற்றில் பழக்கிய காலை, சுழன்றடிக்கும் காற்றின் முன் நிறுத்திவிட்டு அந்த மனிதரை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

மூன்றாவதாக ஒரு சம்பவம். இது பக்கம் இழுத்த கதையல்ல, மூக்கு தூக்க மறுத்த கதை. ஆனால் கைவிடும் முடிவைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

2017 மார்ச் 8, மிஷிகன் மாநிலம் இப்சிலான்டியில் உள்ள வில்லோ ரன் விமான நிலையம். அமெரிஸ்டார் நிறுவனத்தின் எம்டி-83 விமானத்தில் மிஷிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி உட்பட 110 பயணிகள், 6 ஊழியர்கள். இடதுபக்கம் இந்த ரகத்துக்கு மாறும் பயிற்சியில் இருந்த கேப்டன். வலதுபக்கம் அவரை மேற்பார்வையிடும் மூத்த விமானி. விமானம் நிறுத்தியிருந்தபோது அடித்த பலத்த காற்றில், மூக்கைத் தூக்கும் வால் பலகைகளில் வலதுபக்கத்தது கீழ்நோக்கி மாட்டிக்கொண்டிருந்தது. இந்த ரகத்தில், மூக்கைத் தூக்க விமானி இழுக்கும் காக்பிட் கைப்பிடி அந்தப் பலகையை நேரடியாக அசைப்பதில்லை, அதன் விளிம்பில் உள்ள சிறு தகட்டைத்தான் அசைக்கிறது. தரையில் நிற்கும்போது கைப்பிடி வழக்கம்போலவே இழுபடும். கோளாறைக் கண்டுபிடிக்க அந்த விமானிகளுக்கு வழியே இல்லை.

வி-ஒன் சொல்லப்பட்டது. தூக்கச் சொல்லிக் குரல் வந்தது. கேப்டன் கைப்பிடியை இழுத்தார், மூக்கு எழவில்லை. இன்னும் இழுத்தார், எழவில்லை. கைவிடுவதாக அறிவித்தார். வி-ஒன்னுக்கு மேல் நிறுத்தாதே என்பதுதான் பயிற்சியில் ஆயிரம் முறை ஊறிய பாடம். மேற்பார்வை விமானியின் வாயிலிருந்து மறுப்பு அப்போதே வந்துவிட்டது. அவர் மூத்தவர், தேர்வாளர், நினைத்திருந்தால் த்ராட்டிலைத் திரும்ப முன்னால் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. முடிவு இடப்பக்க இருக்கைக்காரருடையது என்று தீர்மானித்த ஒழுங்கில் நின்று, விமானத்தை நிறுத்தும் வேலையில் சேர்ந்துகொண்டார். விமானம் ஓடுபாதையைத் தாண்டி, புல்வெளியைக் கடந்து, வேலியை உடைத்து, ஒரு சாலையைத் தாண்டி வாய்க்கால்மேல் நின்றது. ஒருவருக்குச் சிறு காயம். அந்தச் சுயகட்டுப்பாட்டை விசாரணை வாரியம் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியது.

விமானம் நின்ற பிறகு, வி-ஒன்னுக்கு மேல் இப்படி நிறுத்தக் கூடாது என்று மூத்தவர் சொல்வது அந்த ஒலிப்பதிவில் இருக்கிறது. கேப்டன் சொன்ன பதில், விமானம் பறக்கவில்லை என்பதுதான். பின்னால் கதவுகள் திறந்து, 116 பேரும் அவசரச் சறுக்குகளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.